உப்பளக் கிளையில் பனி

உறைபனி ஊர் ஒன்றில் பிறந்த வங்கி அது. உலகில் எங்கே கிளை திறந்தாலும் வாசலில் பனி பெய்தாக வேண்டும் என்பது அதன் சட்டம். தூத்துக்குடி உப்பளத்து நடுவே திறந்த கிளையிலும் எந்திரம் இரவும் பகலும் பனி கொட்டியது. அதை வாரித் தள்ள, உப்பு வாரிக் காய்த்த கைக்காரி பேச்சித்தாயை வேலைக்கு வைத்தார்கள்.

அவள் பனியையும் உப்பைப் போலவே வரப்போரம் அம்பாரமாய்க் குவித்து, ஓலை போட்டு மூடிவிட்டாள். உச்சி வெயிலுக்குள் அம்பாரம் தண்ணீராகி, அவள் புருஷன் கொம்பையாவின் குத்தகைப் பாத்திக்குள் பாய்ந்தது. மறுநாள் வார இருந்த உப்பெல்லாம் கரைந்தது.

"ஏளா, ஒன் வேலை என் வெள்ளாமையத் தின்னுட்டுதுளா!" என்று வங்கி வாசலில் நின்று கத்தினான் கொம்பையா.

சத்தம் கேட்டு வெளியே வந்த மேலாளர் படியில் கிடந்த பனியில் வழுக்கி விழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே, "தலைமை ஆபீஸ்ல பனி வழுக்கினா உப்பு தூவுவாங்க. அண்ணே, உங்ககிட்ட உப்பு இருக்கா?" என்றார்.

"காலைல வரைக்கும் இருந்துச்சு, சார்."