வாளித் தண்ணீர்

கோவில்பட்டி ஆஸ்பத்திரி மேஜைமேல் சோலைராஜ் குப்புறப் படுத்திருக்கிறான். கரிசல் வெடிப்பில் கால் சிக்கி விழுந்ததில் தோளிலிருந்து கழன்றுபோன வலது கை மேஜை ஓரமாகத் தொங்குகிறது. மணிக்கட்டில் கட்டிய துணியில் ஒரு நீல வாளி ஆட, நர்ஸ் அதில் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றுகிறாள். விதைப்பு நேரத்தில் புருஷனுக்கு ஆபரேஷன் என்றால் என்ன செய்வது என்று இடைசெவலிலிருந்து பஸ்ஸில் கலங்கி வந்த அழகுத்தாய், சுவரோடு சாய்ந்து வாளியையே பார்க்கிறாள். "எலும்பு முறியல. கத்தி வைக்காமலே மூட்டுல ஏத்திரலாம்" என்று டாக்டரம்மா சொன்னதை அவளால் இன்னும் நம்ப முடியவில்லை.

"கைய முறுக்காதிய அண்ணாச்சி. தூங்குத பிள்ள கை மாதிரி விட்டுருங்க" என்கிறாள் நர்ஸ்.

கனம் ஏற ஏறத் தோள் இளகுகிறது. டாக்டரம்மாவின் கட்டைவிரல் தோள்பட்டையை மெதுவாகத் தள்ள, டொக்கென்று ஒரு சத்தம். "ஏட்டி, வலி போயிருச்சு" என்று கண்ணை மூடியபடியே சிரிக்கிறான் சோலைராஜ். அழகுத்தாய் கும்பிடக் கையெடுக்கிறாள். கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக் கட்டுகிறார் டாக்டரம்மா. நர்ஸ் வாளியைத் தொட்டியில் கவிழ்க்கப் போகிறாள்.

"கொட்டிராதியம்மா!"

பாய்ந்து வாங்கிக்கொள்கிறாள் அழகுத்தாய். வாளியை இடுப்போடு அணைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் வெயிலுக்குள் நடந்து, வாசலில் வாடி நிற்கும் பூவரசங்கன்றின் தூரில் ஊற்றுகிறாள். ஈரக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். அவள் காலடியில், வெடித்துக் கிடந்த கரிசல் மெல்ல வாய் மூடுகிறது.