இரண்டாவது துடிப்பு

ஆன்லைன் சதுரங்கப் போட்டியின் அரையிறுதியில் மைவிழி முன்னணியில் இருந்தபோது ஆட்டம் நின்றது. 'வெளியாள் உதவி' என்று எல்லோர் திரையிலும் சிவப்பில் எழுதியது மோசடித் தடுப்பு மென்பொருள். காரணத்தை அவளுக்கும் நடுவருக்கும் மட்டும் காட்டியது: போட்டிக்காக இருக்கையில் பொருத்திய உணர்கருவியில் இரண்டு இதயத் துடிப்புகள்.

நடுவர் அழைத்தார். "டாக்டர் சான்றிதழ் அனுப்புங்கம்மா, ஆட்டம் தொடரும். ஆனா விதிப்படி அதைப் பார்வையாளர்களுக்கும் காட்டணும்."

மூன்று நாளாக அவளுக்கு மட்டுமே தெரிந்த சேதி அது. கப்பல் வேலையிலிருந்து கணவன் குமணன் இன்று மாலை வருகிறான். நேரில் சொல்லக் காத்திருந்தாள்.

"அனுப்பமாட்டேன் சார்."

"ஒரு வருஷம் தடைம்மா. ஏமாத்துனீங்கன்னு பேராயிடும்."

"ஆகட்டும். இதை முதல்ல கேக்க வேண்டியவர் வேற ஒருத்தர்."

இணைப்பைத் துண்டித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மாலையில் குமணன் பையைக்கூட இறக்கவில்லை. "உன்னைப் போய் ஏமாத்துக்காரிங்கறாங்களே! உன்கூட அறையில யாரு இருந்தாங்களாம்?"

மைவிழி அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"அவங்க சொன்னது பொய்யில்லைங்க," என்று சிரித்தாள். "ஒருத்தர் இருந்தாங்க."