காய்ச்சல் விடாத பாத்தி

மண் ஆய்வாளர் அம்மா என் தக்காளிப் பாத்தியில் மண்வெட்டியை இறக்கியபோது, உள்ளே நூறு மண்புழு இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

விடிந்ததும் நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

தூண்டில் கடையில் வாங்கியது. மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா. கடைக்காரர் சந்தேகப்படக் கூடாதே என்று, "இதுக்கு மீன் நல்லா கடிக்குமா?" என்று கேட்டும் வைத்தேன். தூண்டில் கடையில் புழு வாங்குகிறவனை எவன் சந்தேகப்படுவான்? என் திருட்டுப் புத்திக்கு அவ்வளவுதான் மூளை.

ஆய்வாளர் ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் அளந்து வெட்டி, மண்ணைச் சாக்கில் கொட்டினார்.

பத்துப் புழு இருந்தால் போதும், நல்ல மண் என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். வருஷம் முழுக்க ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு என் காய்தான். இல்லையென்றால் பழையபடி சந்தை. வருகிறவன் போகிறவன் எல்லாம் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு நகர்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அவர் மண்ணை விரலால் பிரித்தார்.

ஒன்றும் இல்லை.

மறுபடியும் பிரித்தார். ஒரு வண்டுகூட இல்லை.

"என்னய்யா, மண்ணு சுடுது?" என்றார். ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனவர், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுடாமல் என்ன செய்யும். கோழிப் பண்ணையிலிருந்து அள்ளி வந்த பச்சை எரு, மூன்று வண்டி. அதை மக்க வைக்க நான்கு மாதம் ஆகும். எனக்கு நான்கு நாள் பொறுமை கிடையாது. அப்படியே கொட்டிக் கொத்திவிட்டு நாற்றை நட்டேன். இலை ஓரமெல்லாம் கருகியபோது, வெயில் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அந்த வெயில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் மட்டும் அடித்தது.

கயிறு என் மனைவி கட்டியது. போன பருவத்தில் எரு விஷயத்தில் சண்டை முற்றி, உன் பாதியில் உன் இஷ்டம், என் பாதியில் என் இஷ்டம் என்று நிலத்துக்குக் குறுக்கே கட்டிவிட்டாள். அவள் பக்கம் பீன்ஸ். அறுத்த செடித் தண்டு, கோஸின் வெளி இலை, பிடுங்கிய களை, சாணம் என்று அடுக்கடுக்காகக் குவிப்பாள், நனைப்பாள், பத்து நாளுக்கு ஒரு தடவை புரட்டுவாள். அப்புறம் முழங்கை வரை கையை உள்ளே விட்டுக்கொண்டு சிலை மாதிரி நிற்பாள்.

"குப்பைக்குக் காய்ச்சல் பாக்குறியா, டாக்டரம்மா?" என்று கேட்டிருக்கிறேன்.

"ஆமா. காய்ச்சல் விட்டாத்தான் பாத்திக்கு அனுப்புவேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அவள் தனியாகத்தான் புரட்டுவாள். எனக்கு அன்றைக்கு வெளியே வேலை. தொண்டை கட்டி வீடு திரும்புவேன்.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். விண்ணப்பத்தில் என் பாதி மட்டும்தான் இருந்தது. அதை நிரப்பியவன் நான். குப்பையைப் புரட்டுகிறவளின் பாதியை எதற்குச் சேர்ப்பானேன் என்று விட்டிருந்தேன்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

நல்ல மனுஷன் என்றால் வாயைத் திறந்து, அங்கே தோண்டிப் பாருங்கள், அது அவள் செய்த மண், இது நான் கெடுத்த மண் என்று சொல்லியிருப்பான். எனக்கு வாய் வரவில்லை. கை மட்டும் தானாக எழும்பி அந்தப் பக்கம் காட்டியது.

"அது யாரோடது?"

"எங்களோடதுதான்" என்றேன். கயிறு கட்டியபிறகு அந்த வார்த்தையை இப்போதுதான் சொல்கிறேன். வேலை ஆக வேண்டும் அல்லவா.

அவர் கயிற்றைத் தாண்டிப் போய் வெட்டினார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உதிர்ந்த ஒவ்வொரு கட்டியிலும் ஏதோ ஒன்று நெளிந்தது, ஊர்ந்தது, ஓடி ஒளிந்தது. சாம்பல் நிறத்தில் கொழுத்த புழுக்கள். இருபத்து மூன்றோடு எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?"

மனைவி கூடையை இறக்கி வைத்தாள்.

"இவருதான் மேடம். ஞாயித்துக்கிழமையானா விவசாயிங்க சங்கத்துல மைக்கு புடிச்சு, எருவை எப்படி மக்க வைக்கணும்னு வகுப்பு எடுக்குறாரு. பேசுறதை போன்ல அனுப்புவாங்க. நான் கேட்டு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு, அவர் சொன்னதை சொன்னபடி செஞ்சேன்."

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். என் தக்காளியைப் பார்த்தார். விண்ணப்பத்தில் என் பெயரை அடித்துவிட்டு, மேலே அவள் பெயரை எழுதினார். பீன்ஸ் பாதிக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார். என் பாதியை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். துக்கம் விசாரிக்கிற குரல்.

அவர் போனபிறகு கை கழுவ பம்பு செட்டுப் பக்கம் போனேன். காலையில் சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்த டப்பா, சுத்தமாகக் கழுவி, தொட்டி விளிம்பில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மூடி பக்கத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது.

"பாவம், எல்லாம் வரப்பு மேல ஏறி ஓடிட்டு இருந்துச்சுங்க" என்றாள் பின்னாலிருந்து. "பொறுக்கி என் குவியல்ல விட்டுட்டேன். நாலஞ்சு செத்துப்போச்சு."

நாளை ஞாயிற்றுக்கிழமை. அந்த நோட்டைக் கேட்டால் தருவாளா என்று யோசித்தபடி, சுத்தமான கையை இன்னும் கழுவிக்கொண்டிருந்தேன்.