முப்பத்திரண்டு நோட்டுகளிலும் ஒரே தப்பு

'ஹிட் த சேக்' என்றால் வேலை போவது. 'கெட் த சேக்' என்றால் படுத்துத் தூங்குவது.

முப்பத்திரண்டு நோட்டிலும் இந்த இரண்டு ஆங்கில மரபுத்தொடர்களின் அர்த்தமும் இப்படியே தலைகீழாக, ஒன்றுக்கு மற்றது என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் 'வெரி குட்' வேறு.

வெற்றிச்செல்வனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜவ்வாது மலைப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியராய் அவன் வந்து சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் இருபதே நாள்.

"யாரு இதைச் சொல்லிக் குடுத்தது?"

"புவனாக்கா சார். சத்துணவு அக்கா" என்றாள் முன் பெஞ்சுப் பெண்.

ஆளனுப்பினான். அரிசி அளந்துகொண்டிருந்த புவனா, கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"நீ இன்னா படிச்சிருக்கே?"

"பிளஸ் டூ சார்."

"அரைகுறையா தெரிஞ்சுக்கிட்டு புள்ளைங்க வாழ்க்கையில விளையாடறியா? சோத்தைப் போட்டமா, போனமான்னு இருக்க வேண்டியதுதானே. உன்னை யாரு கேட்டா?"

வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. புவனாவின் முகம் சுண்டிப்போனது.

"யாரும் கேக்கலீங்க சார். ரெண்டு வருசமா இங்கிலீசு பீரியடு சும்மாவே போச்சு. கைடு வாங்கி, நெட்டு கிடைக்கிற பாறை மேல உக்காந்து போன்ல தேடித் தேடி எழுதினேன். இந்த ரெண்டும் எனக்கே கொழம்பிடுச்சு. தப்புதாங்க."

"இதையெல்லாம் திருத்த எத்தனை நாள் ஆவும் தெரியுமா?"

"இனிமே நீங்க பாத்துக்குவீங்க சார்."

போகத் திரும்பியவள், ஏதோ நினைவு வந்து நின்றாள்.

"உங்கம்மாவுக்கு இப்போ ஒடம்பு எப்படி இருக்குங்க சார்?"

"எங்கம்மாவுக்கா?"

"படுத்த படுக்கையா இருக்காங்க, பாத்துக்க வேற ஆளில்ல, அதனாலதான் ரெண்டு வருசம் முன்னாடியே இங்க வேலைக்குப் போட்டும் வர முடியாம நீங்க கீழ ஒடுகத்தூர்லயே மாத்துப்பணியில இருக்கீங்கன்னு எச்.எம். சார் சொன்னாருங்க. வாத்தியார் வரலேன்னு யாரும் உங்களைக் கொறையா பேசக்கூடாதுன்னு புள்ளைங்ககிட்ட சொல்லி வெச்சிருந்தேன்."

வெற்றிச்செல்வன் தேள் கொட்டிய திருடனாய் நின்றான். மலையேறச் சோம்பல்பட்டு, அம்மாவுக்கு நோய் என்று தெரிந்த டாக்டரிடம் வாங்கிய பொய்ச் சான்றிதழைக் காட்டிப் பெற்ற மாற்றுப்பணி அது. அது ரத்தாகியிராவிட்டால் இன்றைக்கும் வந்திருக்கமாட்டான். அம்மாவோ காலையில் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டுத்தான் அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.

சற்று முன் சொன்னதையெல்லாம் திரும்ப வாரி எடுத்துக்கொள்ள முடிந்தால் தேவலை என்றிருந்தது. கொட்டிய வார்த்தையை எங்கே அள்ளுவது?

"இப்போ... பரவாயில்லை" என்றான்.

முன் பெஞ்சுப் பெண்ணின் முகம் மலர்ந்தது.

"தெனமும் பிரேயர்ல உங்கம்மாவுக்காக ஒரு நிமிசம் கும்பிடுவோம் சார். ரெண்டு வருசத்துல ஒரு நாள்கூட விட்டதில்லை."