தேயாத குழல்

பால்சர் துப்பாக்கிக் குழலுக்குள் சிறிய விளக்கை விட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

குழலில் ஒரு குறையும் இல்லை. அது எனக்கும் தெரியும்.

பால்சரின் துப்பாக்கிக் கடையில் நான் என் கணவர் டூரிக்குப் பின்னால் நின்றிருந்தேன். நான் அவர் தோளுயரம்தான். அந்த முதுகின் மறைவிலிருந்து, சொல்ல வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"தேஞ்சுதான் போச்சுடா டூரி," என்றார் பால்சர். "அதையும் எத்தன வருஷம்தான் பாடாய்ப் படுத்துவ?"

போன இலையுதிர் காலம் முழுக்க, முந்நூறு மீட்டர் இலக்கில் டூரியின் குண்டுகள் கறுப்பு வட்டத்துக்கு வெளியேதான் விழுந்தன. கைநடுக்கத்துக்கு மருத்துவர் ஒரு பெயர் சொல்லியிருந்தார். வீட்டில் டூரி அதை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. குழல் தேய்ந்துவிட்டது என்றார். நானும் ஆமாம் என்றேன்.

பால்சர் மேசைமேல் நான்கு புதிய துப்பாக்கிகளை வைத்தார். கனமானதை முன்னே தள்ளினார். அதில் சுட்டால் பத்துக் குண்டும் ஒரு காபித் தட்டுக்குள் அடங்குமாம்.

டூரி அதைத் தொட்டுவிட்டு, கடைசியில் இருந்த மிக லேசானதை எடுத்தார்.

"ஆறடி ஆளு, இத வச்சு முயலா புடிக்கப் போற?"

"அது என் பாடு. நீ அளவு வச்சுக் குடு."

கனத்தை இனி அந்தக் கைகள் தாங்காது என்று நினைத்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

தோளில் அணைக்கும் பின்கட்டையை ஆளுக்கேற்ப அளவு வைக்க நேரமாகும் என்று சொல்லி, டூரி என்னை எதிர்க் கடையில் அக்ரூட் கேக் வாங்க அனுப்பினார். திரும்பி வந்தபோது துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

ஏப்ரலில் அவர் போய்விட்டார். அந்தப் பெட்டியை அவர் திறக்கவே இல்லை.

ஜூன் மாதக் குழுப் போட்டிக்கு ஐந்து பேர் வேண்டும். டூரி இல்லாமல், பால்சரோடு சேர்த்து நால்வர்தான் இருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் நானும் சுட்டவள். அதன்பின் இருபது வருடம் சனிக்கிழமைதோறும் டூரியின் பக்கத்தில் தொலைநோக்கியோடு படுத்து, காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறையாவது அவர் துப்பாக்கி அவர் இடத்துக்குப் போகட்டும் என்று ஒப்புக்கொண்டேன்.

எனக்கு அது நீளமாக இருக்கும். பின்கட்டையைக் குறைப்பதற்காக பால்சரிடம் திருகுக்கோலை இரவல் கேட்டேன். கொடுத்தார்.

போட்டியன்று களத்துப் பாயில் படுத்தேன். பின்கட்டை தோளில் சரியாக உட்கார்ந்தது. கன்னம் மரத்தில் படிந்தது. குறிவளையத்தின் நடுவே கண் தானாகப் போய் நின்றது. விரல் விசைக்கு எட்டியது.

பக்கத்துப் பாயில் பால்சர் என் பக்கம் திரும்பாமல் குண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குக் கடையில எதிர்ல கண்ணாடி அலமாரி இருந்துச்சு, உர்சினா. நீ தலையாட்டினத அவன் பாத்துட்டான்."

கன்னத்தை மரத்திலிருந்து எடுத்தேன்.

"நீ அந்தப் பக்கம் போனதும், உன் தல எட்டுற இடத்தத் தன் தோள்ல தொட்டுக் காட்டினான். அத வச்சுத்தான் அளவு வச்சேன்."

நான் திருகுக்கோலைத் திருப்பிக் கொடுத்தேன்.