ஒரு நாள் டயர்

“இந்த டயரை நம்பி எம்பட பாப்பாவை அனுப்போணுமாக்கும்?”

தீனதயாளன் வேனின் முன்சக்கரத்தைச் செருப்புக் காலால் தட்டிக் காட்டினார். டயர் வழுவழுவென்று தேய்ந்து, ஓர் இடத்தில் நூல் தெரிந்தது. மற்ற பெற்றோர்களும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

வேன்காரன் நாச்சிமுத்துவும் அவர்களோடு குனிந்து பார்த்தான். அந்தத் தெருக்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவன் பிழைப்பு. அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது. அதற்குள் வண்டியை எஃப்சிக்குக் காட்டி, சாலையில் ஓடத் தகுதியானதுதான் என்று சான்று வாங்கியாக வேண்டும்.

“டயர் மாத்தோணுமுங்க. எனக்கும் தெரியுமுங்க,” என்றான் கடைசியில். “ஆளுக்கு மே மாச வாடகையில பாதி குடுத்தீங்கன்னாக்கூட நாலையும் புதுசாப் போட்டுருவனுங்க.”

எல்லோரும் நிமிர்ந்துகொண்டார்கள்.

ஓடாத மாதத்துக்கு வாடகை எப்படிக் கேட்கலாம் என்று தீனதயாளன்தான் விளக்கினார். லீவில் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், வேனும் வீட்டில் இருந்தது, கணக்கு நேராகிவிட்டது. ஆனால் பாதுகாப்பு என்பது வேறு. அதில் பேரமே கிடையாது. டயர் நன்றாக இல்லையென்றால் வண்டிக்கு எஃப்சி ஆகாது, ஆகாவிட்டால் வேறு வேன் பார்ப்போம் என்றார். போட்டோ எடுத்தவர் தலையாட்டினார்.

“உசுரு விசயமுங்க நாச்சிமுத்து,” என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நாச்சிமுத்து ஒர்க்‌ஷாப் கந்தப்பனிடம் போனான். இஞ்சின் வேலைக்கே அங்கே பாக்கி இருந்தது. டயர்க் கடைக்காரரோ முன்பணம் இல்லாமல் பேசவே மாட்டார். போன வருடம் ஒரு கூட்டாளியின் வேனிலிருந்து சக்கரங்களைக் கழற்றி மாட்டி எஃப்சிக்குக் காட்டினான். இந்த வருடம் கூட்டாளி வேனையே விற்றுவிட்டு, போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டான்.

“இதுக்கெதுக்கு இப்பிடி ஒக்காந்துட்டே?” என்றான் கந்தப்பன். “பைபாஸ் பக்கம் ஒருத்தரு எஃப்சி டயரு வாடகைக்குத் தராரு. டிஸ்க்கோட, முழுச் சக்கரமாவே குடுப்பாரு. காலைல மாட்டிக் காட்டிட்டு, சாயந்தரம் கழட்டிக் குடுத்துரு. ஊர்ல பாதி வண்டி அதுலதான் பாஸாகுது.”

“அதுல பொழப்பு நடத்தறாராக்கும்?”

“நல்லா நடத்தறாரு. அவரு டயரு ஆயுசுக்கும் தேயாது.”

எஃப்சி நாளன்று காலை நாச்சிமுத்து அங்கே வேனைக் கொண்டுபோய் நிறுத்தினான். தகரக் கொட்டகை. லாரி, வேன், மினி ஆட்டோ என்று அளவுவாரியாக டயர்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் கருகருவென்று பளபளத்தது. கிரீஸ் வாசனைக்கு நடுவே ஊதுவத்தி புகைந்தது.

உள்ளேயிருந்து காற்றுப் பார்க்கும் மீட்டரோடு வெளியே வந்தவர் தீனதயாளன்.

நாச்சிமுத்து டயர் அடுக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“உங்குளுதா?” என்றான் நாச்சிமுத்து.

“பிசினஸுங்க,” என்றார் தீனதயாளன். தெரிந்த வண்டி என்பதால் வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். அவரே ஜாக்கி போட்டுத் தூக்கினார். வேலையில் சுத்தம். பழைய சக்கரங்களைக் கழற்றி, நூல் தெரியும் பக்கம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தார்.

வண்டி எஃப்சி ஆகிவிட்டது. சோதித்துப் பார்த்த இன்ஸ்பெக்டர்கூட நல்ல டயர் என்றாராம்.

சாயங்காலம் நாச்சிமுத்து திரும்பி வந்தான். தீனதயாளன் ஸ்பானரோடு தயாராக இருந்தார்.

“ஏனுங்க, இது வண்டிலயே இருக்கட்டுங்களா?” என்றான் நாச்சிமுத்து. “மாசாமாசம் வாடகை குடுத்தர்றனுங்க. டயரு புடிச்சு நிக்குது. ஓட்டறப்பவே தெரியுதுங்க.”

“கட்டுபடியாவாதுங்க. மாசம் பூரா ஓட்டுனா தேஞ்சு போயிருமல்லங்க?”

“டயருன்னா தேயறதுதானுங்களே.”

“இது ஓட்டற டயரு இல்லீங்க. காட்டற டயரு.” முதல் நட்டைத் தளர்த்தினார். நாளைக்கு இன்னொரு பள்ளி வண்டிக்கு இதையே தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். வாக்குத் தவறக் கூடாது என்றார்.

நாச்சிமுத்து சுவரில் சாய்ந்திருந்த தன் சக்கரங்களைப் பார்த்தான்.

“நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்குதுங்க. உங்க பாப்பாவும் இந்த வண்டிலதானுங்க வரோணும்.”

ஸ்பானர் நின்றது. தீனதயாளன் முகத்தில் உண்மையாகவே கவலை தெரிந்தது. பழைய டயரில் நூல் தெரியும் இடத்தைத் தேடி விரலால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் யோசித்தார்.

“நீங்க சொல்றதும் செரிதானுங்க,” என்றார். பிறகு அடுத்த நட்டில் ஸ்பானரை மாட்டினார். “பாப்பாவை இனிமே நானே பைக்கில கொண்டுபோயி உட்டுக்கறனுங்க. நீங்க மத்த கொழந்தைங்களைப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க.”