கதவின் மேல் பழி

"நெத்தியில இது என்ன வீக்கம்?" என்று கேட்டார் கண் டாக்டர்.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றாள் அவள்.

"போன மாசமும் கதவுதான், டாக்டர்!" கூட வந்திருந்த அண்ணன் பல்லைக் கடித்தான். "அந்தக் கதவுக்குக் கை முளைச்சிருக்கு. புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டா. இனிமே அந்தக் கதவு வாலாட்டாது, விடுங்க."

"அவர் என்மேல ஒரு விரல்கூட வெச்சதில்லண்ணே."

"நீ சும்மா இரு."

டாக்டர் தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, அவளுடைய காதோரம் விரல்களை ஆட்டினார். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஸ்கேனுக்கு அனுப்பினார்.

மாலையில் படத்தைக் காட்டினார். "மூளைக்கு அடியில ஒரு கட்டி, கண் நரம்பை அழுத்துது. நேரா இருக்கறது தெரியும், பக்கத்துல இருக்கறது தெரியாது. இவங்க நிஜமாவே கதவுலதான் இடிச்சிருக்காங்க. ஆபரேஷன் பண்ணா பார்வை திரும்பலாம்."



டாக்டர் அண்ணனை நேராகப் பார்த்தார். "நேத்து ஒரு கண்ணு கிழிஞ்சு வந்து மாடி வார்டுல படுத்திருக்காரே இவங்க வீட்டுக்காரர், அவருக்கும் கட்டி இருக்கான்னு பார்த்துடலாம். அந்தக் கண்ணு இனி திரும்பாது. எப்படி ஆச்சுன்னு கேட்டா, அவரும் கதவுல இடிச்சுக்கிட்டேன்னுதான் சொல்றார்."

அண்ணன் வீங்கியிருந்த வலது முஷ்டியை மெல்ல மேசைக்கு அடியில் இறக்கினான்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தங்கையின் கண்ணில் அது படவில்லை.